பதினேழாம் நெடுவரிசை வதம்

மார்ச் 11, செவ்வாய். காலை 8.10. பேருந்து, வலப்பக்க ஜன்னல் இருக்கை.
பிழை எண் 212: பதினேழாம் நெடுவரிசையை நீக்காமலே அனுப்பிவிட்டேன். காற்புள்ளிகளை மூன்று முறை சரிபார்த்தேன். எழுத்தின் அளவை இரண்டு முறை சரிபார்த்தேன். இதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஒன்பதரைக்கு நேர்காணல்.

என்று, குலுங்கும் பேருந்தில், கோடு போட்ட நோட்டில், கோட்டைவிட்டு இறங்காத எழுத்தில் எழுதி முடித்து, பேனாவுக்கு மூடி போட்டு, மூடி சரியாக விழுந்ததா என்று மறுபடியும் அழுத்திப் பார்த்தவள் எவளோ, அவளைப் பாடுவோம்.

வாள் சுழற்றியவர்களையும் மதில் தாண்டியவர்களையும் பாட ஆள் உண்டு, அவர்கள் பாடிக்கொள்ளட்டும். நாம் பாடப்போவது, பகற்பொழுதெல்லாம் பார்சல் கிடங்கின் தராசருகே அமர்ந்து பொட்டலங்களின் எடையைத் தட்டச்சியவளை. மாலைப்பொழுதெல்லாம் மாலை வகுப்பின் மூன்றாம் பெஞ்சில் அமர்ந்து தரவு அறிவியல் பயின்றவளை. ஏழு நிறுவனங்களின் ஏழு வாயில்களில் 'பிறகு தெரிவிக்கிறோம்' என்னும் ஏழு கணைகள் நெஞ்சில் தைத்தும், எட்டாவது விண்ணப்பத்தில் பிறந்த தேதியைப் பிழையின்றி நிரப்பிய பெருந்திண்மையளை. பாடம் முடிந்து ஆசிரியர் விளக்கணைக்கக் கை நீட்டும் வேளையிலெல்லாம், "இன்னொரு தரம் பாத்துடலாமா சார்?" என்று கேட்டுக் கேட்டே, வகுப்பு முழுவதாலும் 'இன்னொருதரம்' என்று பட்டம் சூட்டப்பெற்றவள் அவள். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லி அங்கே எவரும் அவளை அழைத்ததில்லை.

எண்களே, எண்களுக்கு இடையே வாய் பிளந்து நிற்கும் காலிக் கட்டங்களே, கட்டங்களை நிரப்புகிறேன் என்று கிளம்பிக் கெட்டவர்களின் ஆவிகளே, வந்து எம் நாவில் அமர்க. அமர இடமில்லையெனில் நின்றுகொண்டாவது உதவுக.

போரின் காரணத்தை முதலில் உரைப்போம். பார்சல் கிடங்கில் புதிய தராசுகள் வந்து இறங்கியிருந்தன. அவை தாமே எடை பார்த்து, தாமே எழுதிக்கொள்ளும் தன்மையன. மாதக் கடைசியில் அவளுடைய நாற்காலி அவ்விடம் விட்டு அகற்றப்படும் என்று, நாற்காலியின் முதுகிலேயே ஒரு துண்டுச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். நேர்காணல் நாளன்று அதற்கு இருபது நாட்களே எஞ்சியிருந்தன. அதுவரை வந்த ஒரே அழைப்பு, வீடுகளுக்கு இணைய இணைப்பு வழங்கி, வீட்டுக்கொரு கறுப்புப் பெட்டி வைத்து, அப்பெட்டியின் பச்சைக் கண் அணையாமல் ஆண்டுவரும் ஒரு மாபெரும் நிறுவனத்திடமிருந்து வந்தது.

அந்நிறுவனம் ஐந்து விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுத்து, ஐவருக்கும் ஒரே அட்டவணையை அனுப்பிவைத்தது. நாற்பதாயிரம் குடும்பங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் முப்பத்தொரு நெடுவரிசைகள். இவற்றுள் எக்குடும்பம் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போகும், எக்குடும்பம் தங்கும் என்று முன்கூட்டியே உரைக்கும் ஒரு கணிப்பு முறையைக் கட்டி எழுப்புக என்பது ஆணை. நம் நாயகி கட்டினாள். ஒரு வாரம் கட்டினாள். அட்டவணை முழுவதையும் கணினிக்கு அள்ளி ஊட்டிப் பொத்தானை அழுத்தினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று என்று விடை வந்தது. வந்த விடையைக் கண்டு, வாழ்நாளில் முதன்முறையாக, 'இன்னொரு தரம்' என்று சொல்லாமல் அனுப்பிவிட்டாள்.

அதுவே குற்றம். அதன் தண்டனை செவ்வாய்க்கிழமை காலை, குளிர்பெட்டியின் கதவில் காத்திருந்தது.

அக்காவின் வீடு அது. கூடத்துச் சோபாவும் சோபாவுக்குப் பின்னால் உள்ள இரண்டு அலமாரித் தட்டுகளும் நாயகியின் ஆட்சிக்குட்பட்டவை. போருக்குப் புறப்படும் தங்கைக்குக் கவசம் பூட்டும் பொறுப்பை அக்கா ஏற்றிருந்தாள். ஏற்றவள், கவசத்தை உடம்பில் போட்டபிறகுதான் அதில் ஒரு சுருக்கத்தைக் கண்டாள்.

"கையத் தூக்குடி. கக்கத்துல மடிப்பு."

"கக்கத்த யாரு பாக்கப்போறாங்க?"

"போர்டுல எழுதச் சொன்னா கையத் தூக்கணும்ல? தூக்கு."

தூக்கிய கையோடு, மறு கையால், நாயகி பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கப் போனாள். அக்கதவில், வாழைப்பழ வடிவக் காந்தத்தின் கீழே, அத்தானின் பொக்கிஷமான ஒரு கடிதம் தொங்கிற்று. அத்தான் பேருந்து ஓட்டுநர். உலகம் தம்மைக் கடிந்துகொள்ளப் பிறந்தது என்று நம்புகிறவர். அப்படிப்பட்டவரிடம் அதே மாபெரும் இணைய நிறுவனம் கெஞ்சி எழுதிய கடிதம் அது. 'தாங்கள் எங்களை விட்டு விலகக் கூடும் என்று எங்கள் அறிவியல் முறை கணித்துள்ளது. தயவுசெய்து போகாதீர்கள். இரண்டு மாதம் இலவசம்' என்று அது மன்றாடியது. வீட்டுக்கு வரும் விருந்தினர் அனைவருக்கும் அத்தான் அதை உரக்கப் படித்துக் காட்டுவார். நாயகி இருபது முறை கேட்டிருக்கிறாள். இருபது முறையும் சிரித்திருக்கிறாள். இருபத்தொன்றாம் முறை, ஒரு கை மேலே தூக்கிய நிலையில், தானே படித்தாள். சிரிப்பு வரவில்லை.

"அத்தான், பொட்டிய என்னைக்குத் திருப்பிக் கொடுத்தீங்க?"

"போன மாசம் பதினாலாம் தேதி. ரசீதுகூட அதுக்கு அடியிலதான் இருக்கு. ஏன்?"

"கடுதாசி என்னைக்கு வந்துச்சு?"

"இருவது. அதத்தானே எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கறேன். போனவன் கிட்ட போகாதேங்கறான். உங்கக்காகூட என்னைய அப்படிக் கெஞ்சினதில்ல."

"போய்ப் பாருங்க," என்றாள் அக்கா, இஸ்திரிப்பெட்டியைக் கையில் பிடித்தபடி. "கெஞ்சறேனா இல்லையான்னு தெரியும்."

இந்த இல்லறச் சொற்போர் நாயகியின் செவியில் ஏறவில்லை. அவள் கண்முன் முப்பத்தொரு நெடுவரிசைகளும் முப்பத்தொரு தூண்களாய் எழுந்து நின்றன. பதினேழாம் தூண் மட்டும் விரிசல் விட்டு, அதன் உள்ளிருந்து அரக்கன் ஒருவன் மெல்லத் தலை நீட்டி, 'என்னை யாரென்று ஒரு தரமாவது பார்த்தாயா?' என்று வினவினான். அந்நெடுவரிசையின் தலைப்பு: பெட்டியைத் திருப்பித் தந்த நாள். பெட்டியைத் திருப்பித் தந்தவன் ஏற்கெனவே போய்விட்டவன். தராதவன் இன்னும் இருப்பவன். ஆக, அவள் ஒரு வாரம் உழைத்துக் கட்டிய அறிவியல், போய்விட்டவர்களை நோக்கி, 'இவர்கள் போய்விடுவார்கள்' என்று தொண்ணூற்றொன்பது சதவீத உறுதியோடு முழங்கிக்கொண்டிருந்தது.

காந்தத்தை விலக்கிக் கடிதத்தையும் ரசீதையும் எடுத்துத் தன் கோப்பில், மூன்று பிரதி சான்றிதழ்களுக்கு நடுவே வைத்தாள்.

"ஏம்மா, அத எங்க கொண்டுபோற?" என்றார் அத்தான், அரண்மனைக் களவைக் கண்ட காவலர் போல.

"வேணும், அத்தான்."

"பத்திரமாத் திருப்பிக் கொண்டா. சனிக்கிழமை என் ஃபிரண்ட்ஸ் வர்றாங்க."

இனி கோட்டையைப் பாடுவோம். நாற்பத்திரண்டு மாடி, வெளியெல்லாம் கண்ணாடி, அக்கண்ணாடியில் எதிர்த்த கட்டடம் தெரிய, அதன் கண்ணாடியில் இது தெரிய, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலைசீவிக்கொள்வன போல் நின்றன. வாயிற்காவலர் நாயகியின் அடையாள அட்டையை வாங்கி, அவளை ஒரு சிறு கண்முன் நிறுத்தி, அவள் இமைத்த அந்த அரை நொடியைப் படம்பிடித்து, கண்மூடிய அவள் திருமுகம் பொறித்த பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டினார். "இன்னொரு தரம் எடுக்கலாமா?" என்று அவள் தன் குலமந்திரத்தை ஓதினாள். "எல்லாருக்கும் இப்படித்தாம்மா வரும், போங்க" என்று அவர் அம்மந்திரத்தைத் தடுத்தார்.

பத்தொன்பதாம் மாடியில் காத்திருப்போர் கூடம். அங்கே நான்கு வீரர்கள் ஏற்கெனவே வீற்றிருந்தார்கள். வீற்றிருந்தார்கள் என்பது மரியாதைக்கு. உண்மையில் அச்சோபாக்கள் அளவுமீறித் தாழ்ந்தவை ஆதலால், நால்வரின் முழங்கால்களும் நால்வரின் காதுகளுக்கு அருகே இருந்தன. அவர்களுள் ஒருவனை நாயகி அறிவாள். மாலை வகுப்பின் முதல் பெஞ்சுக்காரன். எந்த எண்ணையும் மூன்று தசம இடங்கள் வரை உரைக்காமல் விடாத நாவினன். அதனாலேயே 'தசமம்' என்று பெயர் பெற்றவன். அன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்டால்கூட 'ஏழு புள்ளி இரண்டு ஐந்து பூஜ்ஜியம்' என்று விடை பகர்பவன். அவன் காலணிகளின் பளபளப்பில் கூடத்தின் விளக்குகள் இரண்டு தெரிந்தன.

நாயகி அவனுக்கு அருகே புதைந்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். பதினேழாம் நெடுவரிசையின் தலையைப் பற்றினாள். நீக்கு என்றாள். நிஜமாகவே நீக்கவா என்று கணினி வினவிற்று. நிஜமாகவே என்றாள். பின்பு முறையை முதலிலிருந்து ஓட்டினாள். திரையின் அடியில் ஒரு நீலக்கோடு, பாலைவனம் கடக்கும் நத்தையென ஊர்ந்தது. ஊர்ந்து, வலது கரையைத் தொட்டு, விடையைக் கக்கிற்று.

எழுபத்தொன்று.

இந்த எழுபத்தொன்றின் துயரத்தை அறியாதார் பொருட்டு விளக்குவோம். அட்டவணையில் நூற்றுக்கு எழுபது குடும்பங்கள் எங்கும் போகாதவை. கணினி வேண்டாம், மாலை வகுப்பு வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு 'யாரும் போகமாட்டார்கள்' என்று ஒருவன் சொன்னாலே எழுபது சரியாய் அமைந்துவிடும். ஆக, நாயகியின் ஒரு வாரத் தவத்தின் நிகரப் பயன், கண்மூடியைக் காட்டிலும் ஒன்றே ஒன்று கூடுதல்.

"பதினேழப் பாத்தியா?" என்றாள் தசமத்திடம், மெல்ல.

"எத?"

"பொட்டியத் திருப்பிக் கொடுத்த நாள். கொடுத்தவன் ஏற்கெனவே போயாச்சு. போனவன் போவான்னு சொல்லி அனுப்பியிருக்கோம்."

தசமத்தின் முகத்தில் அறிவு புலர்ந்தது; புலர்ந்த மறுகணம் அந்தி சாய்ந்தது. அவன் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தான். எழுபத்தொன்றைக் கண்டான். பாம்பைக் கண்டவன் போல் முழங்கால்களை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

"எனக்குத் தொண்ணூத்தொன்பது புள்ளி ஒண்ணு ரெண்டு ஏழு," என்றான். "அவங்க மூணு பேருக்கும் தொண்ணூத்தொன்பதுதான். இப்பத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. நீ உள்ள போய் வாயத் தொறந்தா அஞ்சு பேர் கதையும் முடிஞ்சுது."

"உள்ள இருக்கறவங்களே கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிக்கட்டும். அது அவங்க வேலை. அத நீ ஏன் இழுத்துப் போட்டுச் செய்யற?"

"தப்பு தப்புதான?"

"தப்புதான். ஆனா எல்லாரும் செஞ்ச தப்பு. உனக்கு மாசக் கடைசிக்கு அப்புறம் எங்க போறதுன்னு தெரியுமா? நோட்டுல எழுதி வெச்சிருக்கியா?"

எழுதி வைத்திருக்கவில்லை. பக்கத்தின் தலைப்பில் 'ஏப்ரல்' என்று எழுதியிருந்தாள். அடியில் கோடு போட்டிருந்தாள். கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

தசமம் அழைக்கப்பட்டான். சோபாவின் ஆழத்திலிருந்து இரண்டாம் முயற்சியில் எழுந்தான். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தவன், தன் எண்ணை எவரும் அசைக்கவில்லை என்பதைக் கட்டைவிரல் உயர்த்தி அறிவித்து, பிறகு நாயகியைப் பார்த்து, அதே விரலை உதட்டின் மேல் வைத்தான்.

அவள் உள்ளே போனாள்.

நீண்ட மேசை. மேசைக்கு அப்பால் மூவர். நடுவில், தரவுப் பிரிவின் தலைவி: நரை கலந்த குட்டை முடி, கையில் மூடி கழற்றிய பேனா, பேசுகிறவர்களை விட்டுவிட்டுப் பேசாத இடங்களை உற்றுக் கேட்கும் பார்வை. அவருக்கு வலப்புறம் கனத்த கண்ணாடி அணிந்த பொறியாளர், மடிக்கணினியின் மறைவில். இடப்புறம், மனிதவளப் பிரிவைச் சேர்ந்த அம்மையார், புன்னகையை உத்தியோக உடையின் ஒரு பகுதியாக அணிந்தவர்.

அமர்க என்றார்கள், அமர்ந்தாள். அமர்ந்த கணத்தில் நாற்காலி ஒரு நெடுமூச்சு விட்டு, அஸ்தமிக்கும் கதிரவனென மெல்ல மெல்லக் கீழிறங்கலாயிற்று. அவள் நிமிர்ந்தாள்; அது தாழ்ந்தது. இடப்பக்க நெம்புகோலை இழுத்தாள், முதுகு சாய்ந்தது. வலப்பக்க நெம்புகோலை இழுத்தாள். சாய்ந்த முதுகோடு சேர்ந்து இன்னும் தாழ்ந்தது. மேசையின் விளிம்பு அவள் மார்பையும் கழுத்தையும் கடந்து மோவாய்க்கு நேரே வந்து நின்றபோது, தலைவி நிமிர்ந்து பாராமலே சொன்னார்: "அந்த நாற்காலி இறங்கும். எல்லாருக்கும் இறங்கும்."

"போர்டுல உங்க வழிமுறைய வரைஞ்சு காட்டுங்க," என்றார் கண்ணாடிப் பொறியாளர்.

இரட்சிக்கப்பட்டவளாக எழுந்தாள். வெள்ளைப்பலகையின் அடித்தட்டில் நான்கு ஆயுதங்கள் கிடந்தன. கறுப்பு மார்க்கரை எடுத்தாள், அது வறண்டிருந்தது. நீலத்தை எடுத்தாள், அது தொடக்கத்தில் ஒரு புள்ளி ஈந்து, பின் கைவிட்டது. சிவப்பு, கீச்சென்று அலறியதே அன்றி ஒன்றும் உமிழவில்லை. மூன்று தானைத் தலைவர்கள் களத்தில் மாண்டபின் நான்காவதாக எழுந்த பச்சை, கடைசி மூச்சு வாங்கும் கிழக்குதிரை போல, நின்று நின்று எழுதிற்று.

"எழுதாத மார்க்கர மறுபடி அங்கயே வெச்சிட்டுப் போறாங்க," என்றார் மனிதவள அம்மையார், புன்னகை மாறாமல். "யாருன்னுதான் தெரியல."

பச்சைக் கோடுகளால் அவள் வழிமுறையை வரைந்தாள். உயர்த்திய கையின் கீழ்ப்புறம் மடிப்பின்றித் திகழ்ந்தது. அக்காவின் தீர்க்கதரிசனம் அவையோர் முன் நிறைவேறிற்று. வரைந்து முடித்ததும் பொறியாளர் கண்ணாடியை மேலே தள்ளி, விதியின் வினாவைத் தொடுத்தார்.

"தொண்ணூத்தொன்பது புள்ளி ஒண்ணு. நல்ல எண். எப்படி வந்துச்சு?"

அக்கணத்தில், பச்சை மார்க்கர் ஏந்தி நின்ற அவளுடைய நெஞ்சகமாகிய களத்தில் இரு பெரும் படைகள் எதிர்நின்றன. ஒருபுறம், தாமே எடை பார்க்கும் தராசுகள் தேர்களாய் உருண்டு வர, 'ஏப்ரல்' என்று எழுதிய வெற்றுத் தாள் கொடியாய்ப் பறக்க, உதட்டின் மேல் விரல் வைத்த தசமம் தளபதியாய் முன்னடக்க, சும்மாயிரு சும்மாயிரு என்று முரசறைந்து வந்தது ஒரு படை. மறுபுறம் படை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகள் எழுதிய ஒரு நோட்டு மட்டும் திறந்த நிலையில் நின்றது. அதில் அவள் எழுதாமல் விட்ட பிழை என்று இன்றுவரை ஒன்றுகூட இல்லை. தராசுகள் நெருங்கின, முரசு அதிர்ந்தது, நோட்டு ஒரு பக்கத்தைப் புரட்டிற்று.

"அது தப்பு சார்," என்றாள் இன்னொருதரம்.

படைகள் இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

"பதினேழ எடுக்கணும். பொட்டியத் திருப்பிக் கொடுத்த நாள். அது இருந்தா போனவங்களத்தான் போவாங்கன்னு சொல்லும். எடுத்துட்டு இப்ப வெளிய ஓட்டிப் பாத்தேன். எழுபத்தொண்ணுதான் வருது. சும்மா சொன்னாலே எழுபது." பலகையின் ஓரத்தில் எழுபத்தொன்று என்று எழுதினாள். "நான் அனுப்பறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும். பாக்கல."

தலைவி கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

"எங்க முறைக்குத் தொண்ணூத்தெட்டு புள்ளி ஒன்பது," என்றார். "ரெண்டு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. நான் எழுதினது."

இங்கே கதை கேட்போர் ஒரு கணம் மூச்சை நிறுத்துக. ஏனெனில், இந்த இடத்தில் 'உங்களது வேறு மாதிரி இருக்கும், மேடம்' என்று ஒரு சொல் உதிர்த்திருந்தால், நாயகி மரியாதையோடு கீழிறங்கி, மரியாதையோடு வீடு போய், எட்டாவது கணையையும் மரியாதையோடு வாங்கியிருப்பாள். அவள் கோப்பைத் திறந்தாள். முதற் சான்றிதழைக் கடந்தாள். உறையிலிருந்து உருவப்பட்ட வாளென, ஒரு மூலையில் வாழைப்பழக் காந்தத்தின் வளைந்த தடம் பதிந்த அக்கடிதத்தை உருவி, ரசீதோடு சேர்த்து, மேசைமேல் மூவருக்கும் நேராக வைத்தாள்.

"எங்க அத்தானுக்கு வந்தது மேடம். பொட்டிய பதினாலாம் தேதி கொடுத்தாரு. போகாதீங்கன்னு இருபதாம் தேதி வந்திருக்கு. திருப்பித் தரணும், சனிக்கிழமைக்கு வேணுமாம்."

தலைவி ரசீதின் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்போது, எவரும் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு கணை பாய்ந்தது.

"எனக்கும் இதே கடிதம் வந்துச்சு," என்றார் மனிதவள அம்மையார். புன்னகை முதன்முறையாகக் கழன்றிருந்தது. "வேற கம்பெனிக்கு மாறி ஒரு வாரம் கழிச்சு."

தலைவி அவர் பக்கம் திரும்பினார். "நீங்க மாறிட்டீங்களா?"

"எங்க வீட்டுல சிக்னல் வரல மேடம்."

பொறியாளர் இருவரையும் பார்க்காமல் தட்டச்சத் தொடங்கியிருந்தார். விரல்கள் விரைந்தன. கண்ணாடியில் திரையின் வெளிச்சம் ஓடிற்று. ஓடி நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"இருக்கு," என்றார்.

"பதினேழா?"

"நம்மளுதுல இருபத்திரண்டு. அதேதான். ரெண்டு வருஷமா போனவங்களுக்குத்தான் கடிதம் போட்டுக்கிட்டிருக்கோம்."

தலைவி எழுந்தார். வெள்ளைப்பலகை வரை நடந்தார். இந்த அவைக்களத்தில் இனி எழப்போவது இடியா, வெளியேறு என்னும் ஆணையா என்று அறியாமல், நாயகி பச்சை மார்க்கரை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினாள். தலைவி கறுப்பு மார்க்கரை எடுத்தார். எழுதிப் பார்த்தார். எழுதவில்லை. நீலம். எழுதவில்லை. கையை நீட்டினார். நாயகி பச்சையைக் கொடுத்தாள். அவர் பலகையின் மேல் மூலையில் பெரிதாக இருபத்திரண்டு என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு கிழித்தார். கோட்டின் பாதியில் பச்சையும் உயிர் விட்டது.

"எத்தன பேர் பதினேழ வெச்சு அனுப்பினாங்க?" என்றார், பலகையைப் பார்த்தபடி.

"அஞ்சு பேரும்," என்றார் பொறியாளர்.

"அட்டவணைல அத விட்டு வெச்சது நாமதான். அத எடுத்துட்டு மத்த நாலு பேருக்கும் மறுபடி அனுப்புங்க. இன்னொரு தரம் செய்யட்டும்."

தன் பட்டப்பெயர் அரச ஆணையாக ஒலிக்கக் கேட்ட நாயகி, அது தன்னைத்தான் அழைப்பதாக எண்ணி, "மேடம்?" என்றாள்.

"நீங்க செய்ய வேண்டாம்." தலைவி திரும்பினார். முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் அது வேறெங்கோ, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஏதோ ஒரு நாளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "நீங்க இங்க வந்து எங்களோடத செய்யுங்க. நாளைலேருந்து மூணு மாசம், தற்காலிகமா. எழுபத்தொண்ணு வந்தாலும் பரவால்ல. எழுபத்தொண்ணுன்னு சொல்ற ஆள் வேணும்."

"ஒருவேளை அறுபத்தொன்பது வந்தா, மேடம்?"

"அதையும் சொல்லுங்க," என்றார் தலைவி. பிறகு, உயிர் விட்ட பச்சையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "எங்கிட்ட முதல்ல சொல்லுங்க," என்றார்.

காத்திருப்போர் கூடத்தில் தசமம் இன்னும் புதைந்திருந்தான். அவளைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல், இருந்த இடத்திலிருந்தே கேட்டான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். முழங்கால்களும் கைகளும் சேர்ந்து, தலை இருக்குமிடமே தெரியவில்லை.

"உங்க நாலு பேருக்கும் மறுபடி அனுப்பறாங்களாம். பதினேழு இல்லாம."

கைகள் விலகின. நன்றி என்பது அவன் நாவில் தசமப்புள்ளி இன்றி வராத சொல் போலும், வரவில்லை.

"எனக்கு எவ்வளவு வரும்?"

"எழுபது, எழுபத்தொண்ணு."

"எழுபத்தொண்ணு புள்ளி?"

"அதுக்கு மேல ஒண்ணும் இல்ல," என்றாள். அவன் கையைப் பிடித்து இழுத்தாள். சோபா அவனை விடுவதாயில்லை. மூன்றாம் முயற்சியில் விட்டது.

இவ்வாறாக, பத்தொன்பது மாடி ஏறி, கண்மூடிய திருவுருவைக் கழுத்தில் தாங்கி, தாழும் ஆசனத்தோடு பொருது, மூன்று ஆயுதங்கள் வறண்ட களத்தில் நான்காவதைக் கொண்டு நின்று, பதினேழாம் நெடுவரிசை என்னும் அரக்கனையும், இரண்டு ஆண்டுகளாய் அரியணையில் வீற்றிருந்த, அவனுடன் பிறந்த இருபத்திரண்டாமவனையும் ஒரே கடிதத்தால் வீழ்த்திய பெருந்தகையாள், காவலரிடம் அட்டையைத் திருப்பித் தந்து, நிழற்குடையில் நின்று, பேருந்து வருமுன் நோட்டைத் திறந்து, 'ஏப்ரல்' என்ற தலைப்பின் கீழே வெறுமனே இருந்த இடத்தில் முதல் வரியை எழுதி, எழுதியதை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை சரிபார்த்து, மூன்றாம் முறை பார்க்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, அடுத்த பக்கத்தைத் திருப்பி, இறுதியாக இதை எழுதினாள்.

நாளை புதன்: ஒன்பதரைக்குள் போக வேண்டும், போகும் வழியில் எழுதுகிற மார்க்கர் ஒன்று வாங்க வேண்டும்.